ஒரு கரண்டிப் புரதம்

வாழைப்பழத்தையும் பாலையும் மிக்சியில் இட்டு அடித்துக் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் புதியதன்று. அந்தப் பானத்துக்கு ஸ்மூத்தி என்னும் பெயரும், அதனுடன் ஒரு கரண்டிப் புரதப் பொடியும் வந்து சேர்ந்ததுதான் புதிது. பொடியைச் சேர்ப்பதா, வேண்டாமா என்ற வினா உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞனிடமிருந்து மட்டும் எழுவதில்லை. அறுபதைக் கடந்த தாயாருக்கு எதைக் கொடுப்பது என்று தயங்கும் மகளிடமிருந்தும், பிள்ளை மெலிந்து போனானே என்று கவலைப்படும் பெற்றோரிடமிருந்தும் எழுகிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் அந்த டப்பாவுக்காக மாதச் செலவில் வேறு எதையோ குறைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஆகவே இதை அற்ப விஷயம் என்று ஒதுக்கிவிட இயலாது.

மருத்துவம் கூறுவது நம் தொழிலன்று. ஆயினும் இவ்வினாவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்கையில் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மனிதர்க்குப் புரதம் போதவில்லை என்ற குரல் உரக்க எழுந்த காலங்கள் பலவற்றில், எங்கோ ஓரிடத்தில் விற்க வழியின்றி ஏதோ ஒன்று எஞ்சிக் கிடந்திருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் எச்சம் என்பது தன்னை முடித்துவைக்கும் சொல்லை வேண்டி நிற்பது. வணிகத்தின் எச்சமும் அவ்வாறே ஒரு தேவையைத் தேடி நிற்கிறது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1838ஆம் ஆண்டில் டச்சு வேதியியலர் கெரிட் யான் முல்டர், முட்டையின் வெண்கரு, இரத்தம், கோதுமையின் பசை ஆகியவற்றில் பொதுவாக அமைந்திருப்பதாகத் தாம் கருதிய ஒரு பொருளைப் பற்றி எழுதினார். அதற்குப் ‘புரோட்டீன்’ என்னும் பெயரைக் கடித வழியே பரிந்துரைத்தவர் சுவீடனின் பெர்சிலியஸ். முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. நம் ‘புரதம்’ அவ்வொலியை ஒட்டி அமைத்துக்கொண்ட சொல். மாவுப்பொருளுக்கோ கொழுப்புக்கோ வாய்க்காத பேறு இது. இந்தப் பெயருக்குள்ளேயே பட்டம் சூட்டப்பட்டிருக்கிறது. முதன்மையானது என்று பெயர் வைத்த பிறகு, அது குறைந்தால் அச்சம் பிறப்பது இயல்புதானே!

அந்தப் பட்டத்துக்குப் படைபலம் சேர்த்தவர் ஜெர்மனியின் யுஸ்டஸ் ஃபான் லீபிக். 1842இல் அவர் வெளியிட்ட நூலில், தசை வேலை செய்யும்போது தன்னையே எரித்துக்கொள்கிறது என்றும், அவ்வாறு அழிந்த புரதத்தை உணவிலுள்ள புரதமே ஈடுசெய்ய வேண்டும் என்றும் வாதிட்டார். உழைப்பவனுக்கு இறைச்சி வேண்டும் என்ற நம்பிக்கைக்கு இப்படியாக வேதியியலின் முத்திரை கிடைத்தது. லீபிக்கின் புகழ் அன்று மிகப் பெரிது. அவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால் மலையேறித்தான் மறுக்க வேண்டியிருந்தது. மெய்யாகவே அப்படித்தான் நடந்தது.

1865 ஆகஸ்டு 30 அன்று சூரிச் நகரத்துப் பேராசிரியர் இருவர், அடால்ஃப் ஃபிக்கும் யோகான்னஸ் விஸ்லிசேனஸும், சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபால்ஹார்ன் என்னும் சிகரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினர். ஏரியிலிருந்து சிகரம் ஏறத்தாழ 1,956 மீட்டர் உயரம். முதல் நாளிலிருந்தே அவர்கள் புரதமுள்ள உணவைத் தொடவில்லை. மாவுச்சத்தைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த பணியாரங்களும் சர்க்கரை மிகுந்த தேநீரும்தான் ஆகாரம். வழியெங்கும் தம் சிறுநீரைச் சேகரித்துச் சென்றனர். புரதம் எரிந்தால் அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் வெளியேற வேண்டும். அதை அளந்தால் எவ்வளவு புரதம் எரிந்தது என்பது தெரிந்துவிடும். இரண்டு பேராசிரியர்கள் சிறுநீர்க் குப்பிகளைச் சுமந்தபடி ஆல்ப்ஸ் மலையில் ஏறிய காட்சி நகைப்பைத் தரலாம். ஆனால் முடிவு நகைப்புக்குரியதாயில்லை. எரிந்த புரதம் தந்திருக்கக்கூடிய ஆற்றல் முழுவதையும் கணக்கிட்டாலும், தம் உடல் எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிச் சென்ற வேலைக்கு அது போதவில்லை. அடுத்த ஆண்டில் ஆங்கிலேய வேதியியலர் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் (இவர் ஃபிக்கின் சகோதரியை மணந்தவர்) உணவுப் பொருள்களின் எரிவெப்பத்தை நேரடியாக அளந்து அந்த முடிவை உறுதிசெய்தார். தசைக்கு எரிபொருள் பெரும்பாலும் மாவும் கொழுப்புமே; புரதம் கட்டடத்துக்குச் செங்கல் போன்றது, அடுப்புக்கு விறகு போன்றதன்று.

மலையேற்றம் நிகழ்ந்த அதே 1865இல்தான் லீபிக்கின் பெயரைத் தாங்கிய இறைச்சிச் சாறு நிறுவனம் லண்டனில் பதிவாயிற்று. தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டில் அன்று மாடுகள் தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் கொல்லப்பட்டன. குளிரூட்டும் கப்பல்கள் வருமுன் இறைச்சியை ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. ஆகவே பெரும்பகுதி வீணாயிற்று. கீபர்ட் என்னும் பொறியாளர் ஃபிரே பெந்தோஸ் ஊரில் அந்த இறைச்சியைக் காய்ச்சி வடித்துக் கெட்டியான சாறாக்கினார். 1 கிலோ சாற்றுக்கு ஏறத்தாழ 30 கிலோ இறைச்சி சென்றது. கேட்பவர் வியக்கத்தக்க கணக்கு இது. ஆயினும் வடிக்கும்போது புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் நீங்கிவிட, எஞ்சியது மணமும் உப்புகளுமே. வலிமையின் சாரம் என்று வாங்கியவர்கள் குடித்தது சுவையான நீரை.

அடுத்த எச்சம் பாலிலிருந்து வந்தது. 1878இல் சுவீடனின் குஸ்தாவ் தெ லாவல் பாலிலிருந்து ஆடையைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரத்தை உருவாக்கினார். வெண்ணெய்த் தொழில் பெருகியது. கூடவே கொழுப்பு நீங்கிய பாலும் மலைபோலச் சேர்ந்தது. பன்றிகளுக்கு ஊற்றியதுபோக மீந்ததை என்ன செய்வது? அதிலுள்ள கேசின் என்னும் புரதத்தைத் திரித்து உலர்த்திப் பொடியாக்கினர். 1898இல் ஜெர்மனியில் சானடோஜென் வந்தது. அதையொட்டிப் பிளாஸ்மோன் வந்தது. நரம்புத் தளர்ச்சிக்கும் அறிவுழைப்பால் வரும் சோர்வுக்கும் மருந்தாக இவை விளம்பரம் செய்யப்பட்டன. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் பிளாஸ்மோனைத் தாமும் உண்டு, நண்பர்களுக்கும் சொல்லி, அந்த நிறுவனத்தில் பணத்தையும் போட்டு அமெரிக்காவில் பெருந்தொகையை இழந்தார். எழுத்தாளர்களும் முதலீடும் என்பது தனியே எழுதப்பட வேண்டிய கட்டுரை.

இங்கே மிக்சியின் பிறப்பையும் சொல்லிவிடுவது பொருத்தம். இங்கிலாந்திலிருந்து சென்ற வில்லியம், ஜேம்ஸ் ஹார்லிக் சகோதரர்கள் 1873இல் சிகாகோவில் தொழில் தொடங்கிப் பின்னர் விஸ்கான்சின் மாநிலத்து ரேசின் நகருக்குப் பெயர்ந்தனர். முளைகட்டிய பார்லியும் கோதுமையும் பாலும் சேர்ந்த அவர்களது பொடிக்கு 1883இல் காப்புரிமை கிடைத்தது. நம் வீட்டு அலமாரிகளில் தலைமுறை தலைமுறையாக இடம்பிடித்த ஹார்லிக்ஸின் பூர்விகம் அது. அதே ரேசின் நகரில் வாழ்ந்த, போலந்திலிருந்து குடிபெயர்ந்தவரான ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி, அந்த மால்ட் பொடியைப் பாலில் கட்டியில்லாமல் கலக்குவதற்காகப் பாத்திரத்தின் அடியில் சுழலும் அலகு வைத்த கருவியைச் செய்து 1922இல் காப்புரிமை பெற்றார். பழத்தை அரைக்கும் எண்ணம் அதற்குப் பின் வந்தது. 1937இல் இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வாரிங்கின் பெயரில் அக்கருவி அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. ஆக, அடித்த பானத்தில் பொடி பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டதன்று. பொடிக்காகவே பிறந்தது கருவி. 1973இல் லூயிசியானாவில் ஸ்டீவ் குனாவ் ஸ்மூத்திக்கென்றே கடை திறந்தபோதும் பழத்தோடு புரதப் பொடி அங்கே முதல்நாளிலிருந்தே கலந்திருந்தது.

சித்த மருத்துவத்திலும் பொடியைப் பாலில் கலந்து உண்பதுண்டு. ஆனால் அங்கே சூரணம் மருந்து. பால் அதன் அனுபானம். இன்ன நோயாளிக்கு, இன்ன அளவில், இத்தனை நாள் என்ற வரையறை அதற்குண்டு. முடிவு நாள் குறிக்கப்படாத சூரணம் என்பது அம்முறைக்கே அந்நியமானது.

இனி அளவைப் பற்றிய சண்டைக்கு வருவோம். ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? மியூனிக் நகரத்து கார்ல் ஃபோய்ட் 118 கிராம் என்றார். அமெரிக்காவின் அட்வாட்டர் அதை 125 ஆக உயர்த்தினார். இவர்கள் கையாண்ட வழி எளிது: நல்ல ஊதியம் பெறும் திடகாத்திரமான தொழிலாளி என்ன உண்கிறான் என்று பார்த்து, அதுவே தேவை என்று எழுதிவிட்டார்கள். உண்பதும் வேண்டுவதும் ஒன்றா என்ற கேள்வியை எழுப்பியவர் யேல் பல்கலைக்கழகத்து ரஸ்ஸல் சிட்டெண்டன். 1902 முதல் 1904 வரை அவர் தம்மீதும், சக ஆசிரியர்கள்மீதும், படைப்பிரிவு வீரர்கள்மீதும், மாணவ விளையாட்டு வீரர்கள்மீதும் மாதக்கணக்கில் சோதனை நடத்தினார். ஃபோய்ட் சொன்னதில் பாதி அளவுக்கும் குறைவான புரதத்தில் அவர்கள் நலமாகவே இருந்தனர், வலிமை குறையவில்லை. சிட்டெண்டன் நாளுக்கு ஏறத்தாழ 40 கிராமில் வாழ்ந்து காட்டினார்.

இந்தக் கணக்கு இந்தியாவுக்கு வந்தபோது அதற்கு வேறு நிறம் ஏறியது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் பேராசிரியர் டேவிட் மெக்கே 1912இல் வெளியிட்ட நூலில் சிட்டெண்டனை மறுத்து, வங்காளிகளின் உடற்கட்டும் ஊக்கமும் குன்றியிருப்பதற்கு அவர்கள் உண்ணும் புரதம் குறைவாக இருப்பதே காரணம் என்றார். வடமேற்கின் கோதுமை உண்போர் வீரர், கீழைநாட்டு அரிசி உண்போர் கோழையர் என்று ஆள்வோர் முன்னமே எழுதிவைத்திருந்த தீர்ப்புக்கு இது கிராம் கணக்கில் சான்று தேடிய முயற்சியாகவே நமக்குப் படுகிறது. வறுமையும் மலேரியாவும் கொக்கிப் புழுவும் அவ்வுடல்களை என்ன செய்தன என்பது பின்னுக்குப் போய்விட்டது. இன்றும் ‘நாம் அரிசி தின்னிகள், அதனால்தான் இப்படி’ என்று நம்மவரே சொல்லக் கேட்கிறோம். அந்தக் குரலின் பிறப்பிடத்தை அறிந்துகொள்வது நல்லது.

நம் மண்ணிலும் ஒரு சோதனை நடந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். 1920களில் அவர் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை அவற்றுக்குக் கொடுத்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுத்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை கடைசியில் நின்றன. மெக்கேயிடமிருந்து இவர் வேறுபட்ட இடம் ஒன்றுண்டு. காரணத்தைப் புரதத்தோடு நிறுத்தாமல், தீட்டாத தானியம், பால், கீரை, காய்கள் ஆகிய முழு உணவின் சேர்க்கையில் கண்டார். மருந்தாகவும் அவற்றையே சொன்னார். இந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. இக்கதையில் அது மீண்டும் வரும்.

இதற்கிடையே ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் ஒரு குழந்தை நோயைக் கண்டார். கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறிய குழந்தைகள். 1933இல் அதை விவரித்தார். 1935இல் உள்ளூர் கா மொழிப் பெயரையே அதற்கு இட்டார்: குவாஷியோர்கர். பின்னது பிறந்ததும் முன்னதைப் பற்றும் நோய் என்பது அதன் கருத்து. நம் மொழியில் இதற்கு நேரான ஒரு சொல் உண்டு. அடுத்த பிள்ளை வந்ததால் தாய்ப்பால் மறுக்கப்பட்டு மெலிந்த குழந்தையைச் ‘சவலைப் பிள்ளை’ என்கிறோம். இரண்டாம் அடியில் ஒரு சீர் குறைந்த வெண்பாவுக்கும் நம் இலக்கணத்தார் சவலை வெண்பா என்றே பெயரிட்டனர். ஆக, நோயைக் கண்டவர்கள் தாய்மார்களே. மருத்துவ இதழில் ஏறியது பின்னர்தான். வில்லியம்ஸ் மிக எச்சரிக்கையாகவே எழுதினார். மக்காச்சோளக் கஞ்சியை மட்டும் உண்ட குழந்தைகளுக்கு இது வருகிறது, புரதத்தின் ஏதோ ஒரு குறைவும் காரணமாக இருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

பின்வந்தவர்களிடம் அந்த எச்சரிக்கை இல்லை. 1950களில் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து, புரதக் குறைவே வறிய நாடுகளின் தலையாய ஊட்டக்கேடு என்று அறிவித்தன. 1955இல் அதற்கெனவே ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 1968இல் ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை ஒன்று வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தடுக்க உலகை அழைத்தது. அதே காலத்தில் அமெரிக்க அரசு தன் பால் விவசாயிகளுக்கு விலை உத்தரவாதம் அளித்து வாங்கிக் குவித்த கொழுப்பு நீக்கிய பால் பொடி கிடங்குகளில் நிறைந்திருந்தது. யூனிசெஃப் வழியாக அது உலகெங்கும் சென்றது. சூழ்ச்சி என்று இதைச் சொல்ல மாட்டோம். பசித்த குழந்தைகள் அந்தப் பாலைக் குடித்தார்கள், பலர் பிழைத்தார்கள். ஆனால் கையில் இருந்த மருந்தைப் பார்த்து நோயைத் தீர்மானிக்கும் போக்கு அங்கே வேரூன்றியது. 1960களில் பால் பொடி உபரி வற்றத் தொடங்கியதும், மீன் மாவு, பருத்திக்கொட்டை மாவு, பெட்ரோலியத்தில் வளர்த்த நுண்ணுயிர்கள் என்று புரதத்துக்கு மாற்று தேடி உலகம் அலைந்தது. குவாத்தமாலாவின் இன்கபரினா அத்தகையதே.

நம் நாட்டின் முயற்சி மைசூரில் நடந்தது. 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், அதன் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன் தலைமையில், எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு 75 பங்கும் கடலைப்பருப்பு மாவு 25 பங்கும் சேர்த்து உயிர்ச்சத்துகள் கூட்டிய ‘பல்நோக்கு உணவை’ உருவாக்கியது. சுருங்கச் சொன்னால், சுத்தம் செய்த புண்ணாக்கு. சொல்லில் இழிவு கருதவில்லை. மாட்டுக்குப் போடும் பொருளுக்குள் இத்தனை சத்து இருக்க, பக்கத்திலேயே பிள்ளைகள் பசித்திருப்பதைப் பார்த்தவர்களின் நேர்மையான கேள்வி அது. ஆயினும் 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றின் தீவனத்திலிருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின் கண்டுபிடிக்கப்பட, நிலக்கடலை மாவின்மீது ஐயம் படர்ந்தது.

இந்தக் கட்டடத்தை உள்ளிருந்து தட்டிப் பார்த்தவர்கள் இந்தியர் என்பதை நம் வாசகர்கள் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள். சேலத்தில் பிறந்து, குன்னூரில் ஆய்வைத் தொடங்கி, ஐதராபாத் நிறுவனத்துக்கு இயக்குநரான சி. கோபாலன் 1960களில் ஒரு வினாவை எழுப்பினார். ஒரே ஊரில், ஒரே வறுமையில், ஒரு குழந்தை வீங்கிக் குவாஷியோர்கருக்கு ஆளாகிறது. இன்னொன்று வற்றி எலும்பும் தோலுமாகிறது. முன்னது புரதக் குறைவு, பின்னது கலோரிக் குறைவு என்பது பாடநூல். எனில் அவ்விரு குழந்தைகளின் உணவில் வேறுபாடு இருக்க வேண்டுமல்லவா? தேடிப் பார்த்ததில் வேறுபாடு தென்படவில்லை. இரண்டும் உண்டது ஒரே உணவு. இரண்டுக்கும் குறைந்தது மொத்த உணவே. வயிறு நிறையாத குழந்தைக்குப் புரதம் கொடுத்தால், உடல் அதையும் விறகாக்கி எரித்துவிடும். ஃபால்ஹார்ன் மலையில் சொன்ன பாடம் இங்கே வேறு வடிவில் திரும்பி வந்தது.

1973இல் கோபாலனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அதைவிட எளிமையானது. ஐதராபாத்தை அடுத்த சிற்றூர்களின் குழந்தைகளுக்கு நாள்தோறும் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்த்த ஒரு தின்பண்டம் அளிக்கப்பட்டது. அதில் 310 கலோரி இருந்தது. புரதம் வெறும் 3 கிராம். ஓராண்டுக்கும் மேலாக உண்ட குழந்தைகள், உண்ணாத குழந்தைகளைவிட உயரத்திலும் எடையிலும் முந்தினர். உலக நிறுவனங்கள் புரதப் பொடிகளுக்குத் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தபோது இந்தியச் சிற்றூர்களில் பண்டம் ஒன்று வேலையைச் செய்துவிட்டது. புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே இதையே எண்களால் காட்டினார்: வழக்கமான இந்திய உணவை வயிறார உண்பவர்க்குப் பெரும்பாலும் புரதமும் போதுமான அளவில் கிடைத்துவிடுகிறது. 1974இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் ‘மாபெரும் புரதத் தோல்வி’ என்ற பொருளில் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். 1977இல் அந்த ஆலோசனைக் குழு கலைக்கப்பட்டது. கோபாலனுக்கு நம் பாடநூல்களில் ஒரு பக்கமாவது இருந்திருக்க வேண்டும் என்பது நம் ஆதங்கம்.

வறியவர்க்கான புரதப் பஞ்சம் என்ற கருத்து அவ்வாறு ஓய்ந்தபோது, வசதி படைத்தவர்க்கான பஞ்சம் அமெரிக்காவில் வளர்ந்துகொண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் இர்வின் ஜான்சன் என்பவர் உடற்கட்டு இதழில் சோயா புரதப் பொடியை விற்கத் தொடங்க, அந்த இதழின் உரிமையாளரும் பளுதூக்கும் கருவி வணிகருமான பாப் ஹாஃப்மன் தாமே ஒன்றைத் தயாரித்தார். சோயா மாவையும் சாக்லேட்டையும் பெரிய தொட்டியில் கொட்டித் துடுப்பால் கிளறினார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. எண்ணெய் எடுத்த சோயாவும் புண்ணாக்குதான். மைசூரில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று அரைக்கப்பட்டது, பென்சில்வேனியாவில் தசை வளர்ப்போர்க்கென்று அரைக்கப்பட்டது. விலைதான் வேறு.

1976இல் ராபர்ட் லின் என்னும் மருத்துவர் எடை குறைப்புக்காகத் திரவப் புரதத்தைப் பரப்பினார். மாட்டுத் தோல், குளம்பு முதலிய கழிவிலிருந்து எடுத்த கொலாஜன் அது; டிரிப்டோஃபன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் அதில் அறவே இல்லை. வேறு உணவின்றி அதையே குடித்து வாழ முயன்றவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் இறப்புகளை அமெரிக்க அரசு விசாரிக்க நேர்ந்தது. அதே கொலாஜன் இன்று சருமப் பொலிவுக்கென்று அழகிய குடுவையில் வருகிறது.

இன்று நம் மிக்சிக்குள் விழும் பொடி பெரும்பாலும் பாலாடைக்கட்டியின் எச்சம். 10 லிட்டர் பாலைத் திரித்தால் ஏறத்தாழ 1 கிலோ கட்டி கிடைக்கும். எஞ்சிய 9 லிட்டர் தெளிநீர். வீட்டில் பால் திரிந்தால் நாம் வடித்து ஊற்றும் அந்தப் பச்சை மஞ்சள் நீர்தான். அதில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. பன்றிகளுக்கும் வயல்களுக்கும் போக மீதியை ஆலைகள் ஆற்றில் விட்டன. மீன்கள் மூச்சின்றி மிதந்தன. அமெரிக்காவில் 1972இல் வந்த நீர்த் தூய்மைச் சட்டம் அதற்குத் தடையிட்டது. அதே ஆண்டுகளில் மிக நுண்ணிய சவ்வுகளால் தெளிநீரை வடித்துப் புரதத்தை மட்டும் பிரிக்கும் முறையும் கைவந்தது. கழிவை அகற்றச் செலவிட்டவர்கள் கழிவை விற்றுப் பொருளீட்டலாயினர். ‘வே புரோட்டீன்’ பிறந்த கதை இது.

எச்சத்தில் பிறந்தது என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது. எளிதில் செரிக்கும் தரமான புரதம் அது. தசை வளர்ச்சியைத் தூண்டும் லூசின் அதில் மிகுதி. பளுப்பயிற்சி செய்வோர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன் தருவதாக 2018இல் வெளிவந்த பேராய்வு ஒன்று காட்டியது. முதியோர்க்கு 1.0 முதல் 1.2 கிராம் நல்லது என்பாரும் உண்டு. ஆனால் அவ்வளவும் டப்பாவிலிருந்து வர வேண்டும் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பதும் வேறு வினா. இந்தியச் சந்தையின் 36 பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டின் புரத அளவு உறையில் கண்டபடி இல்லை. அதே ஆண்டு மே மாதத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அதாவது மெக்காரிசன் தொடங்கிக் கோபாலன் நடத்திய அதே நிறுவனம், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்று தன் உணவு வழிகாட்டி நூலில் எழுதியது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். அந்நிறுவனத்தின் பரிந்துரை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ எடையுள்ளவர்க்கு 50 கிராம். நாள் முழுதும் உண்ணும் 300 கிராம் அரிசியிலேயே 20 கிராமுக்கு மேல் வந்துவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 50 கிராம் பருப்பில் 11. 400 மில்லிலிட்டர் பாலிலும் தயிரிலும் 13. அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு நிரப்புகிறது. சாம்பாரில் பருப்பு நீர்த்துப்போய், தயிர் மோராகி, மோர் நீராகும் வீடுகளில் கணக்கு பொய்க்கும் என்பதும் உண்மையே. அங்கே வேண்டியது பருப்பு. பருப்பு வாங்கும் காசு.

ஆகவே மெல்ல முடியாமல் உணவு குறைந்துபோன முதியவர்க்கும், அறுவை சிகிச்சைக்குப் பின் தேறுபவர்க்கும் மருத்துவர் சொன்னால் பொடியைச் சேர்க்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்க்கு ஒரு வாழைப்பழம், 200 மில்லிலிட்டர் பால், 25 கிராம் நிலக்கடலை. ஏறத்தாழ 14 கிராம் புரதம் இதில் இருக்கிறது. நிலக்கடலையை இரவே ஊறவைத்து, தோலை நீக்கி, சிறிது பாலுடன் முதலில் தனியே நன்றாக அரைத்துவிட்டுப் பிறகு பழத்தைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடித்தால் திப்பிதிப்பியாக நாக்கில் தட்டும்.